புறா வேட்டைக்கு ஷாட்கன் தேர்ந்தெடுத்தலும் குறி பழகுதலும்: டெக்சாஸில் தொடங்குவோருக்கு

டெக்சாஸ் மாநிலத்தின் வடக்கு, மத்திய மண்டலங்களில் செப்டம்பர் 1 அன்று புறா வேட்டைப் பருவம் தொடங்குகிறது. தெற்கு மண்டலத்தில் முழுப் பருவம் சில நாள் கழித்தே திறக்கும். ஆகஸ்ட் பிற்பாதி ஆனதும் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ பகுதிகளில் வாழும் தமிழ் நண்பர்களில் இரண்டு மூன்று பேராவது என்னை அழைத்து, எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு நிறுவனத்தின் பெயரையும் ஒரு மாதிரி எண்ணையும்தான். நான் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு. துப்பாக்கி உங்கள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். கையிலுள்ள பணத்தில் பாதியைத் துப்பாக்கிக்கும் மீதியைப் பயிற்சித் தோட்டாக்களுக்கும் ஒதுக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மற்றவை எல்லாம் தாமாகவே சீராகும்.

நான் இதை அறிந்துகொண்டது என் முதல் பருவத்தில். கடையில் இருந்தவற்றுள் மிகத் தொலைவுக்குச் சுடும் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு 12 கேஜ் துப்பாக்கியை, குழல் முனையில் மிக இறுக்கமான ஃபுல் சோக்குடன் வாங்கிக்கொண்டு, சூரியகாந்தி வயல் ஓரத்தில் போய் நின்றேன். இரண்டு நாளில் நான்கு பெட்டி, அதாவது நூறு தோட்டாக்கள் தீர்ந்தன. விழுந்தவை மூன்று புறாக்கள். அடுத்த இடத்தில் அமர்ந்திருந்த வயதான வேட்டைக்காரர் ஒருவர் என்னருகே வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று ஐந்தாறு முறை நான் சுடுவதைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு செய்தியைச் சொன்னார்: நீங்கள் சுட்ட அத்தனையும் புறாவின் வாலுக்குப் பின்னால் போயின; விசையை அழுத்தும் கணத்தில் உங்கள் குழல் நின்றுவிடுகிறது. அன்று தொடங்கிய பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. ஊரில் தோப்பில் உட்காரும் மணிப்புறாவை ஏர்கன்னால் அடிப்பதும் குற்றமே. இக்கட்டுரை, கணக்கெடுப்பின் அடிப்படையில் ஆண்டுதோறும் வேட்டை அளவு தீர்மானிக்கப்படும் அமெரிக்காவுக்கு, அதிலும் குறிப்பாக டெக்சாஸுக்கு உரியது.

அமெரிக்காவில் புறாக்கள் வலசைப் பறவைகள் என்ற வகையில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே மாநில விதி, கூட்டாட்சி விதி ஆகிய இரண்டும் பொருந்தும். வேட்டை உரிமம், அதன்மேல் வலசைப் பறவைக்கான கூடுதல் ஒப்புதல், உரிமம் வாங்கும்போதே சில கேள்விகளுக்கு விடையளித்துப் பெறும் எச்ஐபி சான்று ஆகிய மூன்றும் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 புறாக்களே எல்லை. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து சூரியன் மறையும் வரை சுடலாம். தெற்கே வெள்ளைச்சிறகுப் புறாவுக்கென ஒதுக்கப்படும் சிறப்பு நாள்களில் நண்பகலுக்குப் பிறகே தொடங்க வேண்டும். தானியம் தூவிப் பறவையை வரவழைத்த இடத்தில் சுடக் கூடாது. தேதிகளும் அளவுகளும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த ஆண்டின் விதிக் கையேட்டைப் புறப்படும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நம்மவர்களில் பலரும் கேள்விப்பட்டிராத ஒரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே அந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் உரிமத்தை எடுத்த பிறகே கடைக்குச் செல்ல வேண்டும். உரிமம் காலாவதியாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

எந்தக் கேஜ், எந்த வகை

கேஜ் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அவற்றில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழலே 12 கேஜ். ஊரில் பன்னிரண்டு போர் என்று சொல்வது இதைத்தான். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 12 கேஜின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜினுடையது சுமார் 15.6 மில்லிமீட்டர். 28 கேஜ் இன்னும் மெலியது. .410 என்பது மட்டும் கேஜ் கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம்.

இங்கே மோர்னிங் டவ் எனப்படும் சாதாரணப் புறா நூற்றிருபது கிராம் அளவுள்ள சிறு பறவை. அதை வீழ்த்தப் பெரும் ஆற்றல் தேவையில்லை. ஒரு தோட்டாவிலிருந்து கூட்டமாகப் பறக்கும் சிறு உருண்டைகளான ரவைகளில் நான்கைந்து உடம்பில் பட்டால் போதும். அதனால் தொடங்குபவருக்கு 20 கேஜே என் தேர்வு. முக்கால் முதல் ஒரு பவுண்டு வரை எடை குறைகிறது, பின்னுதையும் குறைகிறது. ஒரு மாலைக்குள் இரண்டு பெட்டி சுடும் வேட்டையில் இது சிறிய ஆதாயமன்று. தோள் வலிக்கத் தொடங்கியதும், விசையை அழுத்தும் முன்பே உடம்பு உதைக்காகத் தயாராகி விறைக்கும், கண் மூடும், குழல் நிற்கும். நல்ல உடல்வலு உள்ளவர்கள் 12 கேஜில் ஒரு அவுன்ஸ் ரவை கொண்ட இலேசான தோட்டாவைப் பயன்படுத்தினால் அதுவும் மிகச் சிறப்பாகவே வேலை செய்யும். .410 சிறுவர்களுக்கு ஏற்றது என்று பலர் வாங்கிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அதில் ரவைகள் மிகக் குறைவு. தேர்ந்த கைக்கே அது கடினமான கருவி. பிள்ளைகளுக்குக் குட்டையான பின்கட்டையுடன் வரும் 20 கேஜைக் கொடுத்தால் அவர்கள் விரைவாகக் கற்றுக்கொள்வார்கள்.

வகையைப் பொறுத்தவரை மூன்று வழிகள் உள்ளன. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் பம்ப் வகை விலை குறைந்தது, உழைப்பது. 1950-இல் வந்த ரெமிங்டன் 870-உம் அதற்குப் பின் வந்த மாஸ்பர்க் 500-உம் இன்றும் வயல்களில் தாராளமாகக் காணக் கிடைக்கின்றன. மாஸ்பர்க் 500-இல் சேஃப்டி பொத்தான் துப்பாக்கியின் மேற்புறத்தில், கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் இடதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் வசதி. குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஓவர் அண்டர் வகையில் இரண்டே தோட்டாக்கள். ஆனால் மடித்துத் திறந்த மறுகணமே அது காலியாக இருப்பது அனைவர் கண்ணுக்கும் தெரியும், இரண்டு குழலுக்கும் வெவ்வேறு சோக் இடலாம். விலைதான் எட்டாத உயரம். தானியங்கி வகையில், வெடிவாயுவைக் கொண்டு இயங்குபவை அந்த ஆற்றலைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்பிவிடுவதால் உதை மென்மையாகத் தோன்றும். 1963-இல் வெளிவந்த ரெமிங்டன் 1100 இதற்காகவே பெயர் பெற்றது. பெரெட்டாவின் ஏ300 வரிசையும் அதே வழியில் செல்வது. முதல் துப்பாக்கிக்கு என் தேர்வு, 28 அங்குலக் குழலுடைய, வாயுவால் இயங்கும் 20 கேஜ் தானியங்கி. பணம் இடிக்கும் என்றால் பம்ப் வகையைத் தயங்காமல் வாங்கலாம்.

பம்ப் ஆனாலும் தானியங்கி ஆனாலும், குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறையில் ஒன்றும், அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் கூட்டில் இரண்டுமாக மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாதபடி கூட்டுக்குள் அடைப்புக் குச்சி இருந்தாக வேண்டும். புதிய துப்பாக்கியுடன் அது சேர்ந்தே வரும். பழைய துப்பாக்கியை வாங்கினால், முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றி வைத்திருக்கக்கூடும். வீட்டிலேயே திறந்து பாருங்கள்.

உடம்புக்குப் பொருந்துகிறதா

ஷாட்கன்னில் ரைஃபிளைப் போலப் பின் குறிமுனை கிடையாது. உங்கள் கண்தான் பின் குறிமுனை. கன்னம் கட்டையில் எங்கே படிகிறதோ அதைப் பொறுத்தே கண் எங்கே நிற்கும் என்பதும், ரவை எங்கே போகும் என்பதும் அமையும். இதனால்தான் பொருத்தத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருகிறேன்.

கடையில் விற்கும் பெரும்பாலான துப்பாக்கிகளில் விசையிலிருந்து பின்கட்டையின் முடிவு வரை 14 முதல் 14.5 அங்குலம் நீளம் இருக்கும். ஐந்தே முக்கால் அடிக்கும் மேற்பட்ட உயரமுள்ள ஒருவரை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. ஐந்தடி நான்கு, ஐந்து அங்குலம் உயரமுள்ள நம்மவர் அதைத் தூக்கும்போது கட்டையின் அடி அக்குளில் சிக்கும். அவர் கழுத்தை முன்னே நீட்டி, தலையைத் துப்பாக்கிக்குக் கொண்டுவருவார். கடையில் இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. கடைக்காரரிடம் கேட்டு, அறையும் கூடும் காலியாக இருப்பதை இருவரும் பார்த்து உறுதி செய்த பிறகு, ஆளில்லாத பக்கமாகச் சுவரின் மேல்மூலையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் படியவையுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் மேற்பட்டையை அதன் மேற்பரப்பு வழியாக நேராகப் பார்க்கிறீர்கள், நுனிமணி நடுவில் நிற்கிறது என்றால் பொருத்தம் சரி. பட்டையே தெரியாமல் பின்பகுதி கண்ணை மறைத்தால் கட்டையின் மேல்விளிம்பு தாழ்வு. பட்டை மேடுபோல நெடுக எழும்பித் தெரிந்தால் அது உயரம். மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் இடையே இரண்டு மூன்று விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். பல தானியங்கிகளுடன், கட்டையின் சாய்வை மாற்றும் தகடுகளும் நீளத்தைக் குறைக்கும் வேறு பின்மெத்தையும் கிடைக்கின்றன. துப்பாக்கி செப்பனிடுபவர் ஒருவரிடம் கொடுத்துக் கட்டையில் அரை அங்குலம் குறைப்பதற்கு ஆகும் செலவு, வேறு எந்த மேம்பாட்டைக் காட்டிலும் பயன் தரும்.

அதன்பின் 16 கஜத் தொலைவில் ஒரு பெரிய தாளை மாட்டி, நடுவில் ஒரு வட்டம் வரைந்து, குறி பார்த்து நிதானிக்காமல் தோளில் ஏறியதும் சுடும்படியாக நான்கைந்து முறை சுட்டுப் பாருங்கள். ரவைக் கூட்டத்தின் நடு, வட்டத்துக்கு இரண்டு அங்குலம் இடப்புறமோ கீழோ விழுந்துகொண்டே இருந்தால், பிழை உங்கள் கையில் இல்லை, கட்டையில் இருக்கிறது. இந்தத் தொலைவில் ஓர் அங்குலம் விலகுவதற்கு ஈடு, கட்டையின் மேல்விளிம்பில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம்.

சோக்கும் ரவையும்

குழல் முனையின் இறுக்கமே சோக். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் மொத்த ரவையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பதை வைத்து அதை அளப்பது மரபு: இம்ப்ரூவ்டு சிலிண்டர் சுமார் 50, மாடிஃபைடு 60, ஃபுல் 70. இந்த எண்கள் 40 கஜத்துக்கு உரியவை என்பதை மறக்கக் கூடாது. தண்ணீர்க் குட்டையோரம் மாலையில் வரும் புறாவை நீங்கள் சுடுவது பெரும்பாலும் 20, 25 கஜத்தில். 20 கஜத்தில் ஃபுல் சோக்கின் ரவைக் கூட்டம் ஏறத்தாழ 16 அங்குல அகலமே விரியும்; இம்ப்ரூவ்டு சிலிண்டர் 26 அங்குலம் அளவுக்கு விரியும். என் முதல் பருவத்தில் நானே என் வலையைச் சுருக்கி வைத்துக்கொண்டு வீசியிருக்கிறேன் என்பது தாளில் சுட்டுப் பார்த்த அன்றுதான் புரிந்தது. இம்ப்ரூவ்டு சிலிண்டரை மாட்டிவிட்டு, காற்று பலமாக வீசிப் பறவைகள் உயரப் பறக்கும் நாளில் மட்டும் மாடிஃபைடுக்கு மாறுங்கள்.

ஈய ரவையில் 7½ அல்லது 8 எண் போதுமானது. ஓர் அவுன்ஸில் 7½ எண் ரவை சுமார் 350 இருக்கும், 8 எண் சுமார் 410. கனமான வெள்ளைச்சிறகுப் புறாவுக்கு 7½ நல்லது. கூட்டாட்சி வனவிலங்குப் புகலிடங்கள் போன்ற சில பொது நிலங்களில் ஈயம் தடை செய்யப்பட்டிருப்பதால், அங்கே எஃகு ரவையை எடுத்துச் செல்ல வேண்டும். எஃகு ஈயத்தைவிட இலேசானது என்பதால், அளவில் பெரிய ரவையான 6 அல்லது 7 எண்ணுக்கு மாற வேண்டும். தோட்டாவின் நீளம் 2¾ அங்குலம் போதும். மூன்று அங்குலத் தோட்டா புறாவுக்குத் தேவையற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 20 கேஜ் தோட்டாவின் உறை மஞ்சள் நிறமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அது தவறி 12 கேஜ் துப்பாக்கிக்குள் விழுந்தால், அறையைத் தாண்டி வழுக்கிச் சென்று குழலில் சிக்கி நிற்கும். துப்பாக்கி காலி என்று எண்ணி அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போகும். வீட்டில் இரண்டு கேஜும் இருந்தால், ஒரே பையில், ஒரே சட்டைப்பையில் இரண்டையும் ஒருபோதும் போடாதீர்கள்.

எந்தக் கண் ஆளுகிறது

இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு பொருளை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுவே ஆளும் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆட்சியும் கொண்டவர்கள் வலத்தோளில் வைத்துச் சுட்டால், குழல் ஓரிடத்தையும் கண் வேறிடத்தையும் நோக்கும்.

என் மகளுக்குப் பதினான்கு வயதில் பயிற்சி தொடங்கியபோது, இயந்திரம் வானில் எறியும் களிமண் வட்டுகளான களித்தட்டுகளில், இடமிருந்து வலம் செல்பவற்றை உடைத்தாள். எதிர்த்திசையில் வருவதை எல்லாம் ஓரடி இடைவெளியில் தவறவிட்டாள். மூன்று வாரம் அவளுடைய கால்நிலையைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவளே, “அப்பா, எனக்குக் குழல் ரெண்டா தெரியுது, எதை நம்பறது?” என்று கேட்டாள். கண்ணைச் சோதித்தால் இடக்கண். பாதுகாப்புக் கண்ணாடியின் இடப்புறத்தில், கண் பாவைக்கு நேராக, மங்கலான ஒட்டுநாடாவைக் காலணா அளவுக்கு ஒட்டினேன். அன்று மாலையே எதிர்த்திசைத் தட்டுகள் உடையத் தொடங்கின. தொடக்க நிலையிலேயே தெரிந்தால், இடத்தோளுக்கு முழுமையாக மாறிவிடுவது இதைவிடச் சிறந்த தீர்வு. ஆகவே துப்பாக்கி வாங்கும் முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

வீட்டுப் பயிற்சி

தினமும் பத்து நிமிடம் தோளேற்றிப் பழகினால் போதும். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்தும் விரலால் தடவியும் உறுதி செய்யுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டியிருக்கட்டும். 12 கேஜ் குழல் முனையில் ஒரு சிறிய பென்சில் டார்ச்சைக் காகிதம் சுற்றிச் செருகி, அறையின் விளக்கை அணைத்துவிட்டு, சுவரும் கூரையும் சேரும் கோட்டை ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை ஒளிப்பொட்டால் வருடுங்கள். தொடங்கும்போது கட்டை அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவில், முனை கண் பார்வைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். முன்கை கோட்டைத் தொடர்ந்தபடியே, கட்டை முதலில் கன்னத்துக்கும் பிறகு தோளுக்கும் வர வேண்டும். தலை அசையக் கூடாது. ஒளிப்பொட்டு கோட்டை விட்டுக் கீழே தொங்கினால் பின்கை அவசரப்படுகிறது என்று பொருள். முதல் வாரத்தில் பொட்டு பாம்புபோல நெளியும். மூன்றாம் வாரத்தில் கோட்டின் மீதே ஓடும். துப்பாக்கியை எடுத்து வைத்த பிறகும் தோளும் கன்னமும் அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கும். களத்தில் யோசிக்க நேரமில்லாதபோது கைகொடுப்பது அந்த நினைவுதான்.

முன்னிடைவெளி

புறா சாதாரணமாக மணிக்கு 40 மைல் வேகத்தில் பறக்கும். காற்று துணை நின்றால் 55 மைலையும் தொடும். 40 மைல் என்பது நொடிக்குச் சுமார் 59 அடி. 30 கஜத்தைக் கடக்க ரவைக்கு நொடியில் நூறில் ஒன்பது பங்கு தேவைப்படுகிறது. அந்த நேரத்துக்குள் குறுக்கே பறக்கும் புறா ஐந்தடிக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும். 20 கஜத்தில் இதே கணக்கு மூன்றடி சொச்சம். புறாவைப் பார்த்து நேராகச் சுடுபவரின் ரவை ஏன் எப்போதும் வாலுக்குப் பின்னால் போகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் பறவைக்கு முன்னால் விட வேண்டிய இந்த ஐந்தடி முன்னிடைவெளியை அளந்து, அங்கே குழலை நிறுத்திச் சுட முயல்பவரும் தவறவே விடுவார். அளக்கத் தொடங்கியதும் கண் பறவையை விட்டுக் குழல் நுனிக்கு வரும். கண் வந்ததும் கை நிற்கும். தொடக்கநிலையில் நான் கற்பிப்பது பின்னாலிருந்து துடைத்துச் செல்லும் முறை. குழல் முனையைப் புறாவின் பின்னால் கொண்டுவந்து, அது வந்த பாதையிலேயே வால், உடல், அலகு என்று துடைத்துக்கொண்டு முந்துங்கள். அலகைக் கடந்து வெளிச்சம் தெரிந்ததும் விசையை அழுத்துங்கள், அழுத்திய பிறகும் குழலை நிறுத்தாதீர்கள். பறவையைவிட வேகமாகக் குழல் செல்வதால், விரல் அசைந்து தோட்டா வெடிக்கும் அந்தச் சிறு இடைவெளியில் முன்னிடைவெளியின் பெரும்பகுதி தானே கிடைத்துவிடும். தொலைவு கூடினால் இன்னும் சற்று வேகமாக முந்த வேண்டும். மண்சுவரில் சுண்ணாம்பு மட்டையை இழுப்பவர் கை, சுவர் முடிந்த பின்னும் அரை முழம் காற்றில் போகுமே, அப்படித்தான்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, கண் பறவையின் மீதே ஒட்டியிருப்பது. முழுப் பறவையைப் பார்க்காமல் அதன் தலையை, முடிந்தால் அலகைப் பாருங்கள். நுனிமணியை ஒரு கணம்கூடத் தேடாதீர்கள். குழல் கண்ணோரத்தில் மங்கலான நிழலாகத் தெரிந்தால் போதும். நேராகத் தலைக்குமேல் வரும் புறாவுக்கு, குழல் அதைக் கடந்து மறைக்கும் கணத்தில் அழுத்த வேண்டும். தாழ்வாகப் பறந்து விலகிச் செல்வதை விட்டுவிடுங்கள். அதற்குக் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

களித்தட்டுக் களத்தில்

ஸ்கீட் என்ற பயிற்சி ஆட்டம் 1920-களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில், பறவை வேட்டைக்காரர்கள் தங்கள் கையைப் பழக்க உருவாக்கியது. உயரமான வீடு, தாழ்வான வீடு என இரண்டு இடங்களிலிருந்து தட்டுகள் வரும். எட்டு நிலைகளில் நின்று 25 தட்டுகளைச் சுட வேண்டும். போட்டிக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி வைத்துக்கொண்டு தட்டைக் கேட்பார்கள். நீங்கள் கட்டையைக் கீழே வைத்துக்கொண்டே கேளுங்கள், வயலில் அப்படித்தான் இருக்கும். நான்காம் நிலைதான் முழுக் குறுக்குப் பறத்தலுக்கு உரியது. மற்ற நிலைகளில் நல்ல எண்ணிக்கை வந்தாலும் நான்கில் தடுமாறினால், அங்கேயே நின்று இரு பக்கமும் ஒரு பெட்டி சுட அனுமதி கேளுங்கள். ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, ரவை பின்னால் போகிறதா, கீழே போகிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். பாதம், தட்டு உடைய வேண்டிய இடத்தை நோக்கியிருக்கட்டும். தட்டு புறப்படும் இடத்தை நோக்கி நின்றால் இடுப்பு பாதியில் முறுக்கித் தடைபட்டுக் குழல் நின்றுவிடும்.

ஸ்போர்ட்டிங் கிளேஸ் களங்களில் பல கோணங்களில் தட்டுகள் கிடைக்கும். பருவத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில், வாரம் இரண்டு பெட்டி என்று சுட்டால், புறாவின் வேகம் உங்களைத் திகைக்க வைக்காது.

வயலில்

நிழலோ புதரோ உங்கள் முதுகுப்புறம் இருக்கும்படி, சூரியன் கண்ணில் படாதபடி இடம் பிடியுங்கள். அமர்ந்ததும் 30 கஜத்தை நடந்து அளந்து, ஒரு செடியையோ கல்லையோ அடையாளம் வையுங்கள். அதற்கு அப்பால் வரும் பறவையைச் சுடாமல் இருப்பது, காயப்பட்டுத் தப்பும் பறவைகளைக் குறைக்க நாம் செய்யக்கூடிய பெரிய கடமை. ஒரு புறா விழுந்தால், விழுந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நேராக நடந்து எடுத்துவிட்டுத் திரும்புங்கள். இரண்டாவதைச் சுடும் ஆசையில் முதலாவதை இழந்தவர்கள் பலர். காய்ந்த புல்லில் புறா சருகோடு சருகாகக் கிடக்கும்.

சுடும் முன் இனத்தை அறிந்துகொள்வது அவசியம். கூரிய வாலும், பறக்கும்போது சிறகில் எழும் சீழ்க்கையும் சாதாரணப் புறாவுக்கு உரியவை. வெள்ளைச்சிறகுப் புறாவின் இறக்கையில் வெண்பட்டை பளிச்சென்று தெரியும். மீன் செதில்போன்ற இறகு கொண்ட சின்ன இன்கா புறாவும், அதனினும் சிறிய தரைப்புறாவும் சுடக் கூடாதவை. மாறாக, கழுத்தில் கரும்பட்டை கொண்ட வெளிர்ந்த புறா ஒன்று வரும். அது ஊரில் கள்ளிப்புறா என்று நாம் அழைக்கும் அதே இனம், வேற்றிடத்திலிருந்து வந்து பெருகியது என்பதால் டெக்சாஸில் அதற்கு எண்ணிக்கை எல்லை இல்லை. காலையில் கம்பி மேல் அமர்ந்து அது மூன்று அசையில் கூவும் குரலைக் கேட்கும்போது, புன்செய்க் காட்டின் நினைவு வராத தமிழர் இருக்க முடியாது.

தாழ்வாகப் பறப்பதை விடச் சொன்னதற்குக் காரணம், புல்மட்டத்துக்கு அப்பால் யார் அமர்ந்திருக்கிறார், எந்த நாய் ஓடுகிறது என்பது தெரியாது. பறவைக்குப் பின்னால் வானம் தெரிந்தால் மட்டுமே சுட வேண்டும். உங்களுக்குரிய கோணத்தை அருகிலிருப்பவர்களுடன் முன்கூட்டியே பேசி வையுங்கள். வேலியைத் தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிட்டுத் திறந்த நிலையில் துப்பாக்கியை மறுபுறம் வையுங்கள். கண்ணாடியும் காதடைப்பும் எல்லோருக்கும் கட்டாயம். செப்டம்பர் வெயிலில் நாய்க்குத் தண்ணீர் உங்களுக்கு வைத்ததைப் போல இரு மடங்கு வேண்டும்.

மாலையில் திரும்பும் முன் தரையிலுள்ள காலி உறைகளைப் பொறுக்கி எண்ணுங்கள். 25 தோட்டாவுக்கு ஐந்தாறு புறா என்றால் முதல் பருவத்துக்கு அது நல்ல கணக்கு. இரண்டு மூன்று மட்டுமே என்றால், எவை தவறின என்பதை நினைவு கலையும் முன் குறித்துக்கொள்ளுங்கள்: இடமிருந்து வந்தவையா, தலைக்குமேல் வந்தவையா, அமர்ந்தபடி சுட்டவையா? அடுத்த சனிக்கிழமை களித்தட்டுக் களத்துக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் சென்று, அந்தக் கோணத்துத் தட்டை மட்டும் கேட்டு ஒரு பெட்டி சுட்டுவிட்டு வாருங்கள்.